வேலையை விடாமல் டிசைன் முதுகலை: பிரிட்டனில் பகுதிநேரமாகப் படிக்க நினைப்பவர்களுக்கு முழு வழிகாட்டி

"டிசைனா? உனக்குக் கோடே நேரா வராதே!" நான் படிக்கப் போகிறேன் என்று சொன்னதும் வீட்டில் வந்த முதல் கேள்வி இதுதான். இரண்டாவது கேள்வி இன்னும் நியாயமானது: "இந்த வயசுல, வேலையும் பார்த்துக்கிட்டு, எப்படி?"

முதல் கேள்விக்கு ஒரு கட்டிலை வைத்துப் பதில் சொல்கிறேன். 1960களில் லண்டனில் கிங்ஸ் ஃபண்ட் என்ற அறக்கட்டளை, மருத்துவமனைக் கட்டில்களுக்கு ஒரு பொதுத் தரம் வேண்டும் என்று இறங்கியது. அந்த வேலை ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் புரூஸ் ஆர்ச்சர் என்பவரின் குழுவுக்குப் போனது. ஆர்ச்சர் ஓவியர் அல்ல, மெக்கானிக்கல் இன்ஜினீயர். அந்தக் குழு அழகான கட்டில் ஒன்றை வரைந்து நீட்டவில்லை. நர்ஸ் எத்தனை முறை குனிகிறார், நோயாளியை எப்படித் திருப்புகிறார், கட்டிலை யார் எப்போது தள்ளுகிறார்கள் என்று பார்த்தார்கள், எண்ணினார்கள், மாதிரி செய்து வார்டிலேயே போட்டுச் சோதித்தார்கள். உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய கட்டில் பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் பரவியதற்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது. "டிசைன் அண்ட் இன்னொவேஷன்" என்ற பெயரில் முதுகலையில் சொல்லித்தருவது பெரும்பாலும் இதைத்தான். பார்ப்பது, கேள்வியைத் திருத்துவது, மலிவாகச் செய்து பார்ப்பது, மறுபடி திருத்துவது. கோடு நேராக வராவிட்டால் ஸ்கேல் இருக்கிறது.

இரண்டாவது கேள்விக்குத்தான் இந்த நீண்ட கட்டுரை. நான் ஒரு பார்சல் கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டே மூன்று வருடம் படித்தேன். இங்கிலாந்தில் வாழ்ந்துகொண்டு, சம்பளத்தை விடாமல் படிக்க நினைக்கும் தமிழர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் கடன் விதிகள் வேறு.

படி 1: பெயரைப் பார்க்காதீர்கள், பாடத்தைப் பாருங்கள்

எம்.ஏ., எம்.எஸ்சி., எம்.டெஸ். என்று மூன்று பெயரில் ஏறக்குறைய ஒரே படிப்பு கிடைக்கும். "டிசைன் இன்னொவேஷன்", "இன்னொவேஷன் மேனேஜ்மென்ட்", "சர்வீஸ் டிசைன்", "டிசைன் ஸ்ட்ராட்டஜி" எனப் பெயர்ப்பலகைகள் மாறும். ஒரே பெயரில் இரண்டு பல்கலைக்கழகங்கள் நடத்துவது இரண்டு வேறு படிப்பாகவும் இருக்கும். ஓரிடத்தில் பட்டறையில் நின்று மரம் அறுக்க வைப்பார்கள், இன்னோரிடத்தில் முழுக்க வணிகத் திட்டமும் கட்டுரையும்.

அதனால் இணையத்தில் மாட்யூல் (பாடப்பகுதி) பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் எதற்குத் தருகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். கட்டுரைக்கா, செய்த பொருளுக்கா, குழு வேலைக்கா, விளக்கவுரைக்கா? குழு வேலை அதிகம் இருந்தால் பகுதிநேரக்காரர் திண்டாடுவார். மற்றவர்கள் செவ்வாய்க்கிழமை மதியம் கூடிப் பேசும்போது நீங்கள் வேலையில் இருப்பீர்கள்.

முழுநேரமாக மட்டுமே நடப்பவை உண்டு என்பதையும் கவனியுங்கள். ராயல் காலேஜும் இம்பீரியல் காலேஜும் சேர்ந்து நடத்தும் புகழ்பெற்ற இன்னொவேஷன் டிசைன் இன்ஜினீயரிங் படிப்பு இரண்டு வருட முழுநேரப் படிப்பு. வேலையோடு அதைச் செய்ய முடியாது. அதன் மேல் ஆசைப்பட்டு ஒரு வருடத்தை ஓட்டியவன் நான்.

தொலைநிலைக் கல்வி பற்றி நம்மில் பலருக்கு இளக்காரம் உண்டு. ஊரில் "கரஸ்ல படிச்சது" என்று சொல்லும் தொனியை இங்கே கொண்டுவராதீர்கள். 1969இல் தொடங்கிய தொலைநிலைப் பல்கலைக்கழகமான ஓப்பன் யூனிவர்சிட்டி, டிசைன் கல்வி ஆராய்ச்சியிலேயே முக்கியமான இடம். டிசைனர்கள் யோசிக்கும் விதம் விஞ்ஞானிகளும் இலக்கியவாதிகளும் யோசிக்கும் விதத்திலிருந்து வேறு, அதைத் தனியாகவே படிக்கலாம் என்று வாதிட்ட நைஜல் கிராஸ் அங்கே பேராசிரியராக இருந்தவர். மாணவர்கள் தங்கள் படங்களையும் மாதிரிகளையும் ஏற்றி, ஒருவர் வேலையை ஒருவர் விமர்சிக்க ஓப்பன்டிசைன்ஸ்டூடியோ என்ற இணைய ஸ்டூடியோவையும் அவர்கள் வைத்திருக்கிறார்கள்.

படி 2: 1,800 மணி நேரம் எங்கிருந்து வரும்?

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யவேண்டிய கணக்கு இது. நான் இதைச் சேர்ந்த பிறகுதான் போட்டேன்.

பிரிட்டனில் முழு முதுகலைப் பட்டம் 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்பது பொதுக் கணக்கு. வகுப்பு, வாசிப்பு, செய்வது, எழுதுவது எல்லாம் சேர்த்து 1,800 மணி நேரம். மூன்று வருடத்தில் முடித்தால் வருடத்துக்கு 600. வருடத்தில் நாற்பது வாரம் உருப்படியாகப் படிப்பீர்கள் என்று வைத்தால் வாரத்துக்கு 15 மணி நேரம். இரண்டே வருடத்தில் முடிக்க நினைத்தால் வாரத்துக்கு இருபத்திரண்டரை. முழுநேர வேலையோடு இரண்டு வருடம் என்பது குழந்தை குட்டி இல்லாதவர்களுக்கும், தூக்கத்தை வெறுப்பவர்களுக்கும்தான்.

ஆனால் சராசரியை நம்பி ஏமாறக்கூடாது. முப்பது கிரெடிட் மாட்யூல் என்றால் 300 மணி நேரம். அதை 24 வாரம் பரப்பி நடத்தினால் வாரத்துக்குப் பன்னிரண்டரை. அதே மாட்யூலை 12 வாரத்தில் முடித்தால் வாரத்துக்கு 25. காகிதத்தில் இரண்டுமே "பகுதிநேரம்"தான். ஆகவே சேர்க்கைப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதும்போது கேட்கவேண்டிய கேள்வி "எத்தனை வருடம்?" அல்ல. "முதல் மாட்யூல் எத்தனை வாரம் நடக்கும்? அந்த நேரத்தில் இன்னொரு மாட்யூலும் ஓடுமா?"

அடுத்த கேள்வி: எந்தக் கிழமை? பகுதிநேரம் என்றால் மாலை வகுப்பு என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். பல இடங்களில் முழுநேர மாணவர்கள் வரும் அதே பகல் வகுப்புக்குத்தான் பகுதிநேர மாணவரும் போகவேண்டும், வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ. அந்தக் கிழமை ஒவ்வொரு பருவத்திலும் மாறலாம். போன வருடக் கால அட்டவணையைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கும் இடத்தில் கொஞ்சம் யோசித்துச் சேருங்கள்.

பிறகு ஒரு வாரம், உங்கள் நாளை அரைமணி அரைமணியாக ஒரு தாளில் எழுதுங்கள். ரயில் பயணம், சமையல், பிள்ளைகளை நீச்சலுக்குக் கூட்டிப்போவது, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, ஊருக்கு வீடியோ கால், எல்லாம். அந்தத் தாளில் 15 மணி நேரத்தைக் கட்டம் போட்டுக் காட்ட முடியாவிட்டால் இந்த வருடம் வேண்டாம். இரவு பதினொரு மணிக்கு மேல் படிப்பேன் என்று எழுதினால் அதைப் பாதியாக எண்ணுங்கள். அந்த நேரத்தில் வாசிக்கலாம், யோசிக்க முடியாது. வீட்டுக்காரரோ வீட்டுக்காரியோ பார்க்காமல் இந்தத் தாளை இறுதி செய்யவும் வேண்டாம், ஏனென்றால் நீங்கள் எடுக்கும் மணி நேரத்தில் பாதி அவர்களுடையது.

படி 3: விசாவும் பணமும்

ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருப்பவர்கள் வேலையோடு சேர்த்துப் படிக்கலாம், அதற்குத் தனி விசா தேவையில்லை. சில தொழில்நுட்பப் பாடங்களுக்கு மட்டும் அட்டாஸ் என்ற முன் அனுமதிச் சான்றிதழ் வேண்டும், இந்தியக் குடிமக்களுக்கும் இலங்கைக் குடிமக்களுக்கும் அது பொருந்தும். கலைத் துறை சார்ந்த டிசைன் படிப்புக்கு அது பொதுவாக வராது, உற்பத்திப் பொறியியலோடு ஒட்டிய படிப்புக்கு வரலாம். படிப்பின் குறியீட்டைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஊரிலிருந்து மாணவர் விசாவில் வந்து பகுதிநேரமாகப் படித்துக்கொண்டே வேலை பார்க்கலாம் என்று யாராவது ஏஜென்ட் சொன்னால் அந்த அறையை விட்டு எழுந்துவிடுங்கள். பகுதிநேர முதுகலைக்கு மாணவர் விசா கிடைக்க வழி உண்டு, ஆனால் அந்த விசாவில் வேலை செய்ய அனுமதி கிடையாது.

கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். முக்கியமானது, நீங்கள் உள்நாட்டுக் கட்டணமா வெளிநாட்டுக் கட்டணமா என்பது. நிரந்தரமாகத் தங்கும் அனுமதியும் மூன்று வருட வசிப்பும் இல்லாதவர்களைப் பெரும்பாலும் வெளிநாட்டுப் பட்டியலில் போடுவார்கள். பத்து வருடம் வரி கட்டியிருந்தாலும் விசா வகைதான் பேசும். வயிறு எரியும், ஆனால் விதி அது.

உள்நாட்டுத் தகுதி இருப்பவர்களுக்கு அரசின் முதுகலைக் கடன் உண்டு. 2025 ஆகஸ்ட் 1 முதல் 2026 ஜூலை 31 வரை தொடங்கும் படிப்புகளுக்கு அதிகபட்சம் 12,858 பவுண்டு. படிப்பு முழுமைக்கும் சேர்த்துத்தான் இந்தத் தொகை. வருடங்களுக்குப் பிரித்து, பல்கலைக்கழகத்துக்கு அல்லாமல் உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். வந்த பணத்தைக் கட்டணத் தேதி வரை தொடாமல் வைத்திருப்பது உங்கள் சாமர்த்தியம். வருடச் சம்பளம் 21,000 பவுண்டுக்கு மேல் போகும் பகுதியில் 6 சதவீதம் பிடிப்பார்கள். இளங்கலைக் கடன் பாக்கி இருந்தால் அதன் 9 சதவீதமும் கூடவே ஓடும். இரண்டும் சேர்ந்தால் சம்பளச் சீட்டில் ஒரு குழி தெரியும்.

நம்மவர்கள் வழுக்கி விழும் இடங்கள் இரண்டு. ஒன்று, ஏற்கெனவே முதுகலைப் பட்டம் வைத்திருந்தால் இந்தக் கடன் கிடையாது. பட்டம் எந்த நாட்டில் வாங்கியது என்பது பொருட்டில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.இ. முடித்தவருக்கும் எங்கோ எம்.சி.ஏ. முடித்தவருக்கும் கதவு மூடித்தான் இருக்கிறது. இரண்டு, கடன் 180 கிரெடிட் முழுப் பட்டத்துக்கு மட்டும். "முதலில் 60 கிரெடிட் சான்றிதழ் படித்துப் பார்ப்போம், பிடித்தால் தொடர்வோம்" என்பது மனசுக்கு நல்ல திட்டம்தான், ஆனால் அப்படிப் படியேறிப் போனால் கடன் கிடைக்காமல் போகலாம். கடன் வேண்டுமென்றால் முதல் நாளே முழுப் பட்டத்துக்குப் பதிவு செய்யுங்கள். கைப்பணம் போட்டுப் படிப்பவர்கள் தாராளமாகச் சான்றிதழில் தொடங்கலாம், அவர்களுக்கு அதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொன்று: மாணவர் என்றதும் கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வீட்டு வரி) தள்ளுபடி கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். அது வாரத்துக்கு 21 மணி நேரமாவது படிக்கும் முழுநேர மாணவருக்கு.

படி 4: மேலாளரிடம் எப்போது, எப்படிக் கேட்பது

சட்டம் ஓரளவுக்கு உங்கள் பக்கம் இருக்கிறது. 2024 ஏப்ரல் 6 முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே வேலை நேரத்தை மாற்றித் தரும்படி முறைப்படி விண்ணப்பிக்கலாம், நிறுவனம் இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்லவேண்டும். 250 பேராவது வேலை செய்யும் இடத்தில் 26 வாரம் முடித்திருந்தால், வேலைக்குப் பயன்படும் படிப்புக்காக நேரம் கேட்கவும் தனி உரிமை உண்டு. கேட்கும் உரிமைதான், கிடைக்கும் உரிமை அல்ல. சம்பளத்தோடு தரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

"எனக்கு டிசைன் படிக்க ஆசை" என்று போய் நிற்காதீர்கள். அந்த இடத்தில் எல்லோரும் மூன்று வருடமாக முணுமுணுக்கும் ஒரு தொல்லையை எடுத்துக்கொண்டு போங்கள். "இதை என் படிப்பின் திட்டமாக எடுத்துக்கொள்கிறேன், செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் முன்கூட்டியே வந்து முன்கூட்டியே போகிறேன்" என்று கேட்டால் மேலாளருக்கும் மேலே சொல்ல ஒரு காரணம் கிடைக்கும்.

நிறுவனமே கட்டணம் கட்டினால் நல்லது. வேலை தொடர்பான பயிற்சிக்கு நிறுவனம் கட்டும் பணம் உங்கள் வருமானமாகக் கணக்கிடப்படாது, வரி வராது. நீங்களே கட்டிவிட்டுப் பிறகு வரியில் கழிக்கலாம் என்றால், சம்பளக்காரருக்குப் பொதுவாக அது நடக்காது. ஆனால் நிறுவனம் நீட்டும் ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். படிப்பு முடிந்து இத்தனை வருடத்துக்குள் விலகினால் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று இருக்கும். அது மாதா மாதம் குறைந்துகொண்டே வருமா, கடைசி நாள் வரை முழுத்தொகையா என்று கேளுங்கள். ஆட்குறைப்பில் அவர்களே அனுப்பினால் என்ன ஆகும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

"அப்ரென்டிஸ்ஷிப் வழியாக அரசுப் பணத்தில் முதுகலை படிக்கலாமே" என்று அலுவலகத்தில் யாராவது சொல்லலாம். பழைய செய்தி. 2026 ஜனவரி முதல் முதுகலை நிலைக்கான அரசு நிதி, புதிதாகச் சேருவோரில் 21 வயது வரையிலானவர்களுக்கு மட்டும்தான், சில விதிவிலக்குகள் தவிர.

படி 5: விண்ணப்பமும் போர்ட்ஃபோலியோவும்

பொதுவாகக் கேட்பது ஒரு இளங்கலைப் பட்டம், ஆங்கிலத் தேர்ச்சி, ஒரு விளக்கக் கடிதம், சில இடங்களில் போர்ட்ஃபோலியோ, அதாவது நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பு. பட்டத்தில் மதிப்பெண் குறைவு என்றால் அனுபவத்தைக் கணக்கில் எடுக்கும் வழி பல இடங்களில் இருக்கிறது, கேட்டால்தான் சொல்வார்கள். சென்னையிலோ கோவையிலோ யாழ்ப்பாணத்திலோ வாங்கிய பட்டம் இங்கே எதற்குச் சமம் என்ற குழப்பம் வந்தால் யுகே ஈனிக் தரும் ஒப்பீட்டுச் சான்று உதவும்.

போர்ட்ஃபோலியோ என்றதும் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள். இன்ஜினீயர்களும் ஐ.டி.காரர்களும் நர்ஸ்களும் "என்னிடம் காட்ட ஒன்றுமில்லை" என்பார்கள். இருக்கிறது. வார்டில் மருந்து வண்டியின் தட்டுகளை மாற்றி அடுக்கினீர்களா? தொழிற்சாலையில் ஒரு பிடிப்பானை வெல்டிங் செய்து வேலையைச் சுருக்கினீர்களா? கோயில் திருவிழாவில் அன்னதான வரிசை முட்டாமல் இருக்க மேசைகளைத் திருப்பிப் போட்டீர்களா? அதுதான் போர்ட்ஃபோலியோ. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் போதும்: முன்னால் எப்படி இருந்தது, நீங்கள் என்ன கவனித்தீர்கள், முதலில் செய்து தோற்றது எது, பிறகு செய்தது எது, என்ன மாறியது. போனில் எடுத்த மங்கலான படம் போதும். பேனாவில் கிறுக்கிய படமும் போதும். தோற்ற முயற்சியை மறைத்துவிட்டுப் பளபளப்பான கடைசிப் படத்தை மட்டும் ஒட்டுவதுதான் நம்மவர்கள் செய்யும் தவறு. தேர்வு செய்பவர் தேடுவது நடுவில் நடந்ததை.

விளக்கக் கடிதத்தில் "சிறுவயதிலிருந்தே எனக்கு" என்ற தொடக்கம் வேண்டவே வேண்டாம்.

படி 6: வகுப்பறைக்குள்

எனக்கு அதிகம் அடி விழுந்த இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிரிட் என்று ஒன்று உண்டு. உங்கள் அரைகுறை வேலையைச் சுவரில் ஒட்டிவிட்டு நிற்கவேண்டும். எல்லோரும் சுற்றி நின்று பேசுவார்கள். நாம் வளர்ந்த வகுப்பில் ஆசிரியர் பேசுவார், நாம் "எஸ் சார்". இங்கே ட்யூட்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டும், மறுத்துப் பேசவேண்டும். எனக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடவே ஒரு பருவம் ஆனது, அதுவரை பேச்சைப் பெயரே இல்லாமல் ஓட்டினேன். விமர்சனம் வந்தால் நாம் செய்யும் இரண்டு காரியமும் தவறு: ஒன்று முகம் சிவந்து விளக்கம் சொல்வது, இன்னொன்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது. நான் கண்டுபிடித்த வழி, நோட்டில் சொன்னவரின் சொற்களையே அப்படியே எழுதிக்கொண்டு, "நீங்கள் அந்த இடத்தில் எதைப் பார்த்து அப்படிச் சொன்னீர்கள்?" என்று ஒரு கேள்வி மட்டும் கேட்பது. அந்தப் பதிலில் பாதி நேரம் உருப்படியான விஷயம் இருக்கும்.

முடிந்ததைக் கொண்டுபோகாதீர்கள். வேலைக்குப் போய் வந்து இரவெல்லாம் உட்கார்ந்து பளிச்சென்று முடித்துக் கொண்டுபோனால், "இதில் இனி நாங்கள் என்ன சொல்வது" என்று நகர்ந்துவிடுவார்கள். அட்டைப்பெட்டியும் செல்லோடேப்புமாகக் கொண்டுபோன இரண்டாம் மாதத்தில்தான் எனக்குப் பேச்சே கிடைத்தது. பகுதிநேரக்காரருக்கு இதில் லாபமும் உண்டு. அட்டைப்பெட்டிக்கு ஒரு மணி நேரம் போதும்.

அடுத்தது எழுத்து. சிந்தனைப் பதிவு என்ற ஒரு வகைக் கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் ஒதுக்கியிருப்பார்கள். அதில் "நான்" என்று எழுதவேண்டும். "கவனிக்கப்பட்டது", "முடிவு செய்யப்பட்டது" என்று ஆள் இல்லாமல் எழுதித்தான் நாம் பொறியியல் அறிக்கைகளில் பழகியிருக்கிறோம். இங்கே, "நான் ஊழியரிடம் கேட்டேன், அவர் சொன்னதை நம்பவில்லை, பிறகு நேரில் பார்த்தபோது அவர் சொன்னதுதான் சரி, ஏன் நம்பவில்லை என்று யோசித்தேன்" என்ற ரீதியில் போகவேண்டும். வாரத்துக்கு ஒருமுறை, ரயிலிலேயே, பத்து வரி தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பருவ முடிவில் அதிலிருந்து ஆங்கிலக் கட்டுரை வரும். கடைசி வாரத்தில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் எல்லாம் பொய்யாகத்தான் ஒலிக்கும், அது படிப்பவருக்கும் தெரியும்.

மதிப்பெண் வந்ததும் நெஞ்சு வலி வரக்கூடாது. தேர்ச்சிக்கு 50, மெரிட்டுக்கு 60, டிஸ்டிங்ஷனுக்கு 70 என்பதுதான் வழக்கமான கோடு. எனக்கு முதல் கட்டுரைக்கு 64 வந்தது. அம்மாவிடம் சொன்னேன். "பரவாயில்லப்பா, அடுத்த தடவ நல்லா எழுது" என்றார். அது வகுப்பில் மூன்றாவது இடம்.

டபுள் டைமண்ட் என்ற படத்தை முதல் வாரமே காட்டுவார்கள். டிசைன் கவுன்சில் 2000களின் நடுவில் பரப்பியது. கேள்வியை விரித்துப் பார், சுருக்கு, விடைகளை விரித்துப் பார், சுருக்கு என்று இரண்டு சாய்சதுரம். நல்ல படம்தான். ஆனால் அதைப் பரிட்சை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்து, நான்கு கட்டத்துக்கும் நான்கு அத்தியாயம் எழுதி நிரப்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையான வேலையில் மூன்றாவது கட்டத்தில் நிற்கும்போதுதான் முதல் கட்டத்தில் கேட்ட கேள்வியே தப்பு என்று தெரியவரும்.

படி 7: திட்டத்தை உங்கள் வேலையிடத்திலேயே தேடுங்கள்

முழுநேர மாணவர்களிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. அவர்கள் ஒரு மருத்துவமனைக்குள்ளோ கிடங்குக்குள்ளோ நுழைய மூன்று மாதம் மின்னஞ்சல் எழுதுவார்கள். நீங்கள் தினமும் அடையாள அட்டையைத் தேய்த்து உள்ளே போகிறீர்கள்.

என் கதை: கிடங்கில் திரும்பி வரும் பார்சல்களைப் பிரிக்கும் மேசையில் தவறுகள் அதிகம். நான் ஒரு செயலி செய்யப்போகிறேன் என்று திட்டம் எழுதிக் கொடுத்தேன். ட்யூட்டர் அதைப் படித்துவிட்டு, "மூன்று இரவு சும்மா நின்று பார்த்துவிட்டு வா" என்றார். கடுப்பாக இருந்தது, ஆறு வருடமாக அங்கேதானே நிற்கிறேன்! ஆனால் கையில் வேலையில்லாமல் நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை. பிரிப்பவர்கள் பெட்டி மேலேயே மார்க்கரில் ஒரு குறி போடுகிறார்கள், பிறகு நான்கைந்து பெட்டி சேர்ந்ததும் கணினித் திரைக்கு நடந்துபோய் மொத்தமாகப் பதிகிறார்கள். அந்த நடையில்தான் குறி மாறிப்போகிறது. திரை தள்ளி இருக்கிறது, கையில் உறை, உறையோடு திரை வேலை செய்யாது. செயலி வந்தாலும் இதே கதைதான். கடைசியில் நான் ஒப்படைத்தது ஒரு மேசை. மூன்று சரிவுத் தடம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், தடத்தின் முடிவில் ஒரு ஸ்கேனர். முதல் மாதிரி முழுக்கப் பழைய பார்சல் அட்டையில் செய்தது, இரண்டே நாளில் நசுங்கிவிட்டது. எந்த இடத்தில் நசுங்கியது என்பதுதான் இரண்டாவது மாதிரியின் உயரத்தை முடிவு செய்தது.

வேலையிடத்தில் ஆராய்வதற்கு மூன்று காகிதம் முன்கூட்டியே வேண்டும். நிறுவனத்தின் எழுத்து அனுமதி. பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். பங்கெடுப்பவர்களின் சம்மதக் கையெழுத்து. இரண்டாவதுக்கு வாரக்கணக்கில் ஆகும், ஒப்புதல் வருமுன் எடுத்த பேட்டியை ஆய்வில் பயன்படுத்த முடியாது. கூட வேலை செய்பவர் என்பதால் "சும்மா சொல்லுண்ணே" என்று கேட்டு எழுதிவிடத் தோன்றும், வேண்டாம். நீங்கள் மேற்பார்வையாளராக இருந்து, உங்களுக்குக் கீழே இருப்பவரைப் பேட்டி எடுக்கிறீர்கள் என்றால், அவர் மறுத்தால் பாதிப்பு வராது என்பதை எப்படி உறுதி செய்வீர்கள் என்று குழு கேட்கும். நியாயமான கேள்வி, பதிலை யோசித்து வையுங்கள்.

அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் வேலை செய்பவர்கள் ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டால் மாதங்கள் மிச்சம். ஏற்கெனவே நடக்கும் சேவை எப்படி நடக்கிறது என்று மதிப்பிடுவது "சர்வீஸ் இவால்யுவேஷன்". அதற்கு என்.எச்.எஸ். ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவுக்குப் போகத் தேவையில்லை. "ஆராய்ச்சி" என்ற வகைக்குள் போனால் அனுமதிகள் நீளும். உங்கள் டிரஸ்ட்டின் ஆராய்ச்சி அலுவலகத்தில் திட்டத்தைக் காட்டி, எந்த வகை என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

படி 8: யாருடைய கண்டுபிடிப்பு?

இதை யாரும் முதல் வருடத்தில் சொல்வதில்லை. 1977 காப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் தன் வழக்கமான வேலையின் பகுதியாகக் கண்டுபிடித்தது நிறுவனத்துக்குச் சொந்தம். மாணவராகச் செய்தது பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மாணவருக்கே. நீங்கள் இரண்டுமாக இருக்கிறீர்கள். வேலையிடத்துத் தொல்லையை, வேலையிடத்துத் தகவலோடு, வேலை நேரத்திலும் கொஞ்சம் செய்துவிட்டு, பிறகு "இது என்னுடையது" என்றால் இழுபறிதான். திட்டம் தொடங்குமுன் ஒரு பக்க ஒப்பந்தம் போட்டுவிடுங்கள். எனக்கு மேசையின் மேல் உரிமை இல்லை, ஆய்வறிக்கையில் எழுதவும் காட்டவும் உரிமை உண்டு என்று எழுதி வாங்கினேன். போதுமானதாக இருந்தது.

கண்காட்சி வரும்போது இன்னொரு கண்ணி. பிரிட்டனில் காப்புரிமைக்குச் சலுகைக் காலம் கிடையாது. விண்ணப்பிக்குமுன் பொதுவில் காட்டிவிட்டால் புதுமை போய்விட்டது. வருடக் கடைசிக் கண்காட்சியில் வைப்பதும் பொதுவில் காட்டுவதுதான், லிங்க்ட்இன்னில் பெருமையாகப் படம் போடுவதும்தான். வெளித்தோற்றத்துக்கான டிசைன் பதிவு அப்படியல்ல. நீங்கள் முதலில் வெளியிட்டதிலிருந்து 12 மாதத்துக்குள் பதிவு செய்யலாம், ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்து 25 வருடம் வரை கொண்டுபோகலாம். ஆக, உங்களிடம் இருப்பது புதிய இயங்குமுறையா புதிய தோற்றமா என்று கண்காட்சிக்கு மூன்று மாதம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 9: நடுவில் நிறுத்த நேர்ந்தால்

மூன்று வருடம் என்பது நீளம். அதற்குள் ஊரில் யாருக்காவது உடம்பு முடியாமல் போகும், வேலை மாறும், வீடு மாறும். பல்கலைக்கழகங்களில் படிப்பை இடைநிறுத்த ஒரு படிவம் உண்டு. கெடு தாண்டிய பிறகு அழுதுகொண்டே எழுதும் மின்னஞ்சலைவிட, பிரச்சினை தெரிந்த வாரமே அந்தப் படிவத்தை நிரப்புவது நூறு மடங்கு எளிது. கடன் வாங்கியிருந்தால் அவர்களுக்கும் தகவல் போகவேண்டும், அடுத்த தவணை நிற்கும். ஒப்படைக்கும் தேதி மட்டும் இரண்டு வாரம் தள்ளவேண்டும் என்றால் அதற்கு வேறு படிவம், ஆதாரம் கேட்பார்கள்.

முழுதாகத் தொடர முடியாவிட்டால் வெறுங்கையோடு போகவேண்டியதில்லை. அறுபது கிரெடிட் முடித்திருந்தால் சான்றிதழ், 120 முடித்திருந்தால் டிப்ளமோ என்று பொதுவாகத் தருவார்கள். கேட்டு வாங்கவேண்டும், தானாக வராது.

நான் இரண்டாம் வருடத்தில் ஐந்து மாதம் நிறுத்தினேன், மகள் பிறந்திருந்தாள். திரும்பிப் போனபோது என்னோடு சேர்ந்த முழுநேரக்காரர்கள் எல்லோரும் பட்டம் வாங்கிப் போயிருந்தார்கள். ஸ்டூடியோவில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. என் நசுங்கிய அட்டை மேசை மட்டும் மூலையில் அப்படியே இருந்தது, மேலே ட்யூட்டர் ஒட்டிய மஞ்சள் சீட்டோடு: "தூக்கிப் போடாதீர்கள், ஆள் வருவார்."